காய்ச்சல் வந்த ஆண்டில் பிறந்த ஊர்

நெய்வேலிக் குடியேற்ற வரலாற்றில் ஓர் ஏடு

யூபிலி ஆண்டு நன்றி கூறும் ஆண்டு. கடந்து வந்த வழியைத் திரும்பிப் பார்க்கும் ஆண்டும் அதுவே. நம் ஆலயம் எழுந்த வரலாற்றையும், அதற்காக உழைத்த குருக்கள், கன்னியர், பொதுநிலையினர் ஆகியோரின் தொண்டையும் இம்மலரின் பிற பக்கங்கள் எடுத்துரைக்கின்றன. ஆனால் ஆலயம் எழுவதற்கு முன்பே மக்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் எந்தக் காலத்தில், எந்தச் சூழ்நிலையில் வந்தார்கள் என்பதும் பங்கின் வரலாறுதான். அதைப்பற்றிச் சில செய்திகளை இங்கே தொகுத்துக் கூற விரும்புகிறேன்.

பழைய ஊர்களில் இக்கேள்விக்கு இடமில்லை. விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில், வீரமாமுனிவர் பெயரோடு இணைந்த பெரியநாயகி அன்னை ஆலயத்தைச் சுற்றி வாழும் குடும்பங்களைக் கேட்டால், பாட்டன் பூட்டன் காலந்தொட்டு இதுதான் எங்கள் ஊர் என்பார்கள். நெய்வேலி நகரியத்தில் அப்படிச் சொல்லக்கூடியவர் அரிது. இங்கே நாம் வந்தவர்கள். அல்லது வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். "உங்கள் சொந்த ஊர் எது?" என்பதுதான் நெய்வேலியில் புதிதாக அறிமுகமாகும் இருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி. மூன்றாம் தலைமுறையினரும் அதற்குத் தூத்துக்குடி என்றோ, தஞ்சாவூர் என்றோ, திருச்சூர் என்றோதான் விடை சொல்கிறார்கள்.

இரண்டு தேதிகள்

1957-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள், திங்கட்கிழமை. அன்று பிரதமர் ஜவகர்லால் நேரு நெய்வேலியில் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். இது நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த தேதி.

அதற்கு முந்தைய நாளான மே 19, ஞாயிற்றுக்கிழமை. அன்று முதல் இந்திய நாட்டில் வேறொரு கணக்கு தொடங்குகிறது. புதிய இன்புளூயன்சா காய்ச்சல் ஒன்று நாட்டுக்குள் புகுந்து, வாரந்தோறும் எத்தனை பேரைப் பிடித்தது, எத்தனை பேரைக் கொண்டுபோயிற்று என்ற கணக்கு அது. ஆசியக் காய்ச்சல் என்று உலகம் அதற்குப் பெயரிட்டது. அது இந்தியாவில் கால் வைத்த முதல் இடம் நம் சென்னைத் துறைமுகம்.

சுரங்கம் தொடங்கியதும் கொள்ளைக் காய்ச்சலின் கணக்கு தொடங்கியதும் அடுத்தடுத்த நாள்கள். முதல் தேதியைக் கல்வெட்டில் பொறித்தோம். இரண்டாவதை மறந்தே போனோம். 2020-ஆம் ஆண்டு கொரோனா வந்தபோது, "இப்படியொரு காலத்தை இந்த ஊர் கண்டதே இல்லை" என்று பலரும் சொல்லக் கேட்டோம். நோயின் கொடுமையை எண்ணினால் அது உண்மையே. ஆனால் உலகமெங்கும் பரவிய கொள்ளைநோய் ஒன்றின் நடுவில், வேற்றூரில் பிழைப்புத் தேடி மூட்டை முடிச்சுகளோடு மக்கள் வந்திறங்கிய காலம் ஒன்று இவ்வூருக்கு முன்னரே உண்டு. நம் ஊரின் தொடக்கமே அதுதான்.

கப்பலில் வந்த காய்ச்சல்

1957-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தென் சீனத்தில் இக்காய்ச்சல் தோன்றியது. ஏப்ரலில் ஹாங்காங் நகரை அடைந்தது. அங்கிருந்து சிங்கப்பூருக்குத் தாவியது. மே மாதம் நோயாளிகளோடு வந்த கப்பல் ஒன்றின் வழியாகச் சென்னையை வந்தடைந்தது.

சிங்கப்பூர், பினாங்கு ஆகிய துறைமுகங்களுக்கும் நாகப்பட்டினம், சென்னை ஆகிய துறைமுகங்களுக்கும் இடையே பல்லாண்டுகளாகப் பயணிகள் கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். அவற்றின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் பயணம் செய்தவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ் மக்களே. கடைச் சிப்பந்திகள், துறைமுகத் தொழிலாளர்கள், தோட்டத் தொழிலாளர்கள், அவர்களுடைய மனைவி மக்கள் என்று பலதரப்பட்டவர்கள். நோய் வந்த வழி பிழைப்புக்குப் போன வழிதான். நம்மவர் கடல் கடந்து வேலைக்குப் போயிராவிட்டால் அக்கப்பலும் இல்லை. அதற்காகப் போனவர்கள்மேல் குற்றம் சொல்ல முடியுமா? அவர்கள் அனுப்பிய பணத்தில்தான் தஞ்சை, இராமநாதபுரம் சீமைகளில் எத்தனையோ அடுப்புகள் எரிந்தன.

கரை இறங்கிய காய்ச்சல் பன்னிரண்டே வாரங்களில் நாடு முழுவதும் பரவிவிட்டது. நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இன்புளூயன்சா ஆய்வு மையம் ஒன்று இயங்கி வந்தது. அங்கேதான் நோயாளிகளிடமிருந்து எடுத்த மாதிரிகளைச் சோதித்து, இது உலகெங்கும் பரவிய அதே வைரஸ் என்று கண்டார்கள். அம்மையத்தின் ஐ. ஜி. கே. மேனன் என்பவர் 1959-ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் இதன் வரலாற்றை விரிவாக எழுதினார். 1957 மே 19 முதல் 1958 பிப்ரவரி 8 வரை, அதாவது 38 வாரங்களில், இந்தியாவில் பதிவான நோயாளிகள் 44,51,785 பேர். பதிவான மரணங்கள் 1,098.

இக்கணக்கைச் சற்றே நிதானித்துப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 4,000 நோயாளிகளுக்கு ஒருவர் இறந்தார் என்று ஆகிறது. 1918-ஆம் ஆண்டின் விஷக்காய்ச்சலோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. அந்த ஆண்டில் பம்பாய் துறைமுகத்தின் வழியாக வந்த காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களை வாரிக்கொண்டு போயிற்று. 1911-ஆம் ஆண்டுக்கும் 1921-ஆம் ஆண்டுக்கும் இடையே இந்திய மக்கள்தொகை கூடுவதற்குப் பதிலாகக் குறைந்தது என்றால் அதன் கொடுமையை உணரலாம். 1957-இல் வந்த வைரஸ் அவ்வளவு கொடியதன்று. காய்ச்சலைத் தொடர்ந்து வரும் நுரையீரல் அழற்சிக்கு 1918-இல் மருந்தே இல்லை. 1957-இலோ பென்சிலின் இருந்தது. பூனாவை அடுத்த பிம்பிரியில் நம் அரசு நிறுவனமே 1955 முதல் அதைத் தயாரித்து வந்தது.

எனினும் ஒன்றைக் கவனியுங்கள். அன்றைய இந்திய மக்கள்தொகை ஏறக்குறைய 40 கோடி. பன்னிரண்டு வாரத்தில் நாடெங்கும் பரவிய புத்தம் புதிய காய்ச்சல் நூற்றுக்கு ஒருவரைத்தான் தொட்டது என்று நம்ப முடியுமா? பதிவேட்டில் ஏறியவர்கள், மருத்துவமனைக்கோ சுகாதார அதிகாரியின் கண்ணுக்கோ வந்தவர்கள் மட்டுமே. மிளகுக் கஷாயம் குடித்துவிட்டுக் குடிசையில் சுருண்டு படுத்தவனை யார் எண்ணினார்கள்? நாட்கூலிக்காரனுக்கு மூன்று நாள் காய்ச்சல் என்றால் மூன்று நாள் கூலி இல்லை. அவனுடைய நோய் சுகாதாரத் துறையின் ஏட்டில் ஏறவில்லை. மளிகைக் கடைக்காரரின் கடன் நோட்டில்தான் ஏறியது. ஊர் விட்டு ஊர் வந்தவனுக்கு அந்தக் கடன் நோட்டும் கிடையாது; முகம் தெரியாதவனுக்கு யார் கடன் கொடுப்பார்கள்?

மண்ணுக்கடியில் கிடைத்த பிழைப்பு

இப்படிப்பட்ட ஆண்டில் மக்கள் ஏன் இங்கே வந்தார்கள்?

நெய்வேலி அப்போது தென்னாற்காடு மாவட்டத்தில், கடலூர் – விருத்தாசலம் இருப்புப்பாதையில் அமைந்த செம்மண் பூமி. முந்திரியும் மணிலாவும் பலாவும் விளையும் மேட்டு நிலம். 1930-களில் இங்கே நிலக்கிழாராக இருந்த தி. மா. ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய நிறத்தில் ஒரு பொருள் வெளிவந்தது. அதை அவர் அரசின் கவனத்துக்குக் கொண்டு சென்றார். பின்னர்த் திட்டத்துக்காகத் தம் நிலத்தில் 600 ஏக்கருக்கும் மேல் வழங்கினார். 1940-களில் புவியியல் ஆய்வுத் துறையினர் துளையிட்டுப் பார்த்தார்கள். 1950-களின் தொடக்கத்தில் எச். கே. கோஷ் முதலிய அறிஞர்களின் ஆய்வு, கீழே பெரும் அளவில் பழுப்பு நிலக்கரி இருப்பதை உறுதி செய்தது.

சென்னை மாநிலத்துக்கு இது கிடைத்தற்கரிய செல்வம். அதுவரை வங்காளம், பீகார் சுரங்கங்களிலிருந்து தொலைதூரம் கடந்து வரும் நிலக்கரியையே தென்னகம் நம்பியிருந்தது. எனவே முதலமைச்சர் காமராசர் இத்திட்டத்தில் மிகுந்த அக்கறை காட்டினார். 1956 நவம்பர் 14-ஆம் நாள் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. பிரிட்டனின் பவல் டஃப்ரின் நிறுவனத்தார் திட்ட அறிக்கை தந்தனர். மண் வெட்டும் இராட்சத இயந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. அனல் மின் நிலையத்துக்குச் சோவியத் நாடு உதவிற்று.

வேலை எளிதன்று. 150 அடிக்கும் மேற்பட்ட மண்ணை அகற்றினால்தான் கரி தென்படும். கரிக்குக் கீழேயோ அழுத்தத்தோடு பொங்கும் ஆர்ட்டீசியன் ஊற்று. அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் நிலைக்கும். 1957 மே மாதம் தொடங்கிய வேலையில் 1961 ஆகஸ்டில்தான் கரியின் முகம் தெரிந்தது. 1962-இல் மின்சாரம் பிறந்தது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் மண்ணை வெட்டிய ஆண்டுகள். ஆள்பலம் தேவைப்பட்ட ஆண்டுகள். மேஸ்திரி, கொத்தனார், தச்சர், லாரி ஓட்டுநர், பிட்டர், வெல்டர், எழுத்தர், ஆசிரியர், செவிலியர் என எத்தனையோ கைகள் தேவைப்பட்டன. அதிகாரிகள் உத்தரவுக் கடிதத்தோடு வந்தார்கள். மற்றவர்கள் யாரோ சொன்ன சொல்லை நம்பி வந்தார்கள். கீற்றுக் கொட்டகையிலும் தகரக் கொட்டகையிலும் தங்கி, செம்மண் புழுதியில் வெள்ளை வேட்டி காவியாகிப் போன கதையைப் பெரியவர்கள் வாயால் கேட்டிருக்கிறோம்.

சென்னையில் இறங்கிய காய்ச்சல் நாடெங்கும் பரவிய அந்தப் பன்னிரண்டு வாரங்கள், நெய்வேலியில் மண் வெட்டத் தொடங்கிய முதல் பன்னிரண்டு வாரங்களும் ஆகும். சென்னை மாநிலத்தின் எந்த மூலையிலிருந்து புறப்பட்டாலும் அவர்கள் ஏறிய இரயில் பெட்டியில் காய்ச்சலும் பயணம் செய்த காலம் அது. அப்படியும் புறப்பட்டார்கள். நோய்க்கு அஞ்சி வீட்டில் இருப்பது, வீட்டில் அரிசி உள்ளவனால்தான் முடியும். 1957-இலும் அப்படித்தான், 2020-இலும் அப்படித்தான்.

வந்தவர்களும் போனவர்களும்

வந்தவர்களின் கதையைச் சொல்லும்போது போனவர்களை மறப்பது நேர்மையாகாது. நாம் குடியிருக்கும் வட்டங்களும், வேலை பார்க்கும் சுரங்கமும் வெற்றிடத்தில் எழுந்தவை அல்ல. அங்கே ஊர்கள் இருந்தன. கிணறும் களமும் கோயிலும் சுடுகாடும் இருந்தன. அவற்றை விட்டு அம்மக்கள் வெளியேறினார்கள். தொலைதூரத்திலிருந்து வந்தவனுக்கு இது புது ஊர். இங்கேயே பிறந்தவனுக்கோ இதே மண் அந்நியமாயிற்று. ஒரு தலைமுறை முழுவதும் குடியேறிய ஊரில், ஒரு பகுதியினர் ஓர் அடிகூடப் பயணம் செய்யாமலே குடிபெயர்ந்தவர்கள் ஆனார்கள்.

அந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காக 2023-ஆம் ஆண்டு வளையமாதேவியில் விளைந்து நின்ற பயிர் அழிக்கப்பட்டபோது நாடே அதைப்பற்றிப் பேசியது. நியாயம் எந்த அளவில் எவர் பக்கம் என்று தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. நம் வீட்டில் எரியும் விளக்குக்கு விலை கொடுத்தவர்களில் அவர்களும் உண்டு என்பதை யூபிலி ஆண்டிலாவது நினைவுகூர வேண்டும்.

புறப்பட்டவர்கள்மேல் விழுந்த பழி

கொள்ளைநோய்க் காலத்தில் வேற்றூர் போனவரை உலகம் எப்படி நடத்திற்று என்பதற்குத் தமிழர் வரலாற்றிலேயே சான்றுகள் நிறைய உள்ளன.

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கண்டிச் சீமைக் காப்பித் தோட்டங்களுக்குப் போன நம் மக்கள், மன்னாரில் இறங்கி மாத்தளைவரை காட்டு வழியே நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே மடிந்தார்கள். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, கணக்கும் இல்லை.

1896-இல் பம்பாயில் பிளேக் நோய் தோன்றியது. இலட்சக்கணக்கான மக்கள் நகரத்தை விட்டு ஓடினார்கள். அதையொட்டி 1897-இல் அன்னிய அரசு கொள்ளைநோய்ச் சட்டத்தை இயற்றியது. இரயில் நிலையங்களில் மூன்றாம் வகுப்புப் பயணிகளை இறக்கிச் சோதித்தார்கள். இதே 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான் 2020-இலும் நம் அரசுகள் கையில் எடுத்தன என்பது பலருக்கும் வியப்பளிக்கும்.

1914-இல் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் வழி திறந்தது. அதே ஆண்டில் கொழும்பில் பிளேக் காணப்பட்டது. அதன்பின் இராமநாதபுரம் கடற்கரையில் மண்டபத்தில் இலங்கை அரசு ஒரு முகாமை நடத்தியது. தோட்டத்துக்குப் போகும் தொழிலாளர்கள் அங்கே பல நாள் தங்கி, துணிகளை வெந்நீராவியில் கிருமி நீக்கி, அம்மை குத்திக்கொண்டு, நோயில்லை என்று தெரிந்த பிறகே அக்கரை சேரலாம். முதல் வகுப்பில் பயணம் செய்த துரைக்கு இருந்த சலுகை கங்காணியின் பின்னால் போன தொழிலாளிக்கு இல்லை. கிருமி வகுப்புப் பார்த்து ஏறுவதில்லை. முகாம்தான் வகுப்புப் பார்த்தது. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் அதே மக்களின் பேரப்பிள்ளைகள் தாயகம் திரும்பியபோதும், பலரும் முதலில் கால் வைத்தது மண்டபம் முகாமில்தான். அங்குள்ள இரயில் நிலையம் இன்றும் 'மண்டபம் கேம்ப்' என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது.

இவற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. கொள்ளைநோய் வரும்போதெல்லாம் சமூகம் முதலில் ஆராய்வது நோயை அன்று, ஆளை. "எங்கிருந்து வந்தாய்?" என்ற கேள்வி, அன்போடு கேட்டால் அறிமுகம், அச்சத்தோடு கேட்டால் விலக்கு. நோய் பரவாமல் தடுக்க விலகி இருத்தல் தேவைதான். மருத்துவம் அதை மறுக்கவில்லை. ஆனால் ஆளை விலக்கி வைத்த பிறகு அவனுக்குக் கஞ்சி கொண்டுபோவது யார் என்ற கேள்விக்குச் சட்டத்தில் விடை இல்லை.

மறதிக்குக் காரணம்

1957-ஆம் ஆண்டுக் காய்ச்சலை நம் பெரியவர்கள் ஏன் மறந்தார்கள்?

முதற்காரணம், அது மற்ற நோய்களின் கூட்டத்தில் கலந்துவிட்டது. அந்நாளில் பெரியம்மை இருந்தது. இந்தியாவில் கடைசியாக அது காணப்பட்டது 1975-இல். வாந்திபேதி ஆண்டுதோறும் வந்தது. மலேரியாவை எதிர்த்து வீடு வீடாக டி.டி.டி. அடித்துக்கொண்டிருந்த காலம். தென்பாண்டிச் சீமையிலிருந்து வந்த குடும்பங்களில் செபஸ்தியார் படம் இல்லாத வீடு ஏது? கொள்ளைநோய்க்குக் காவல் என்று அவரை வேண்டிக்கொண்டவர்கள் அம்மையையும் பேதியையும் எண்ணியே வேண்டினார்கள். அந்தப் பட்டியலில் நான்கு நாள் காய்ச்சல் ஒன்று எம்மாத்திரம்?

இரண்டாவது காரணம், புது ஊருக்கு வந்தவர்களுக்கு நினைவில் நிற்பது நோயன்று, தொடக்கம். முதல் சம்பளம், முதல் குவார்ட்டர்ஸ், குழாயில் வந்த முதல் தண்ணீர், பிள்ளைக்குப் பள்ளியில் கிடைத்த முதல் இடம். உடம்பு நொந்த நாள்களை அவர்கள் எவரிடமும் சொல்லவில்லை. ஊருக்கு எழுதிய கடிதங்களில் "இங்கு யாவரும் நலம், அங்கு நலமறிய ஆவல்" என்றே எழுதினார்கள். அந்த ஒரு வரிக்குள் எத்தனை காய்ச்சல் இரவுகள் மறைந்து கிடக்கின்றனவோ!

மூன்றாவது காரணம் பாராட்டுக்குரியது. நெய்வேலி திட்டமிட்டு எழுந்த நகரம். அகன்ற தெருக்கள், வட்டங்கள், நிழல் மரங்கள், குழாய்த் தண்ணீர், கழிவுநீர்ச் சாக்கடை, பொது மருத்துவமனை என்று, ஒரு தொழிலாளியின் குடும்பம் நோயின்றி வாழத் தேவையானவை இங்கே ஒன்றன்பின் ஒன்றாக அமைந்தன. தாம் பிறந்த கிராமத்தில் மருத்துவரையே காணாத தாய்மார்கள் இங்கே மருத்துவமனையில் பிள்ளை பெற்றார்கள். ஆனால் நிறுவனத்தின் பெயர்ப்பட்டியலில் இருந்தவருக்கும் ஒப்பந்தக்காரரிடம் கூலி வாங்கியவருக்கும் இவ்வசதிகள் ஒரே அளவில் கிட்டவில்லை. நகரியத்தின் வேலிக்கு உள்ளே ஒரு வாழ்வும், வெளியே மந்தாரக்குப்பத்திலும் வடக்குத்திலும் இந்திரா நகரிலும் மற்றொரு வாழ்வும் நடந்தன. நம் பங்கு மக்களில் இரு பக்கத்தாரும் உண்டு. ஞாயிறு திருப்பலியில் ஒரே பந்தியில் அமர்பவர்கள்தாம்.

2020

நம் கண்முன் நடந்ததைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. 2020 மார்ச் 7-இல் தமிழ்நாட்டில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். மார்ச் இறுதியில் நாடே பூட்டப்பட்டது. ஆலயக் கதவுகளும் மூடப்பட்டன. மே மாதத் தொடக்கத்தில் சென்னைக் கோயம்பேடு சந்தையில் நோய் பரவியதும், அங்கே மூட்டை தூக்கியும் கடை நடத்தியும் பிழைத்தவர்கள் ஊர் திரும்பினார்கள். நம் கடலூர் மாவட்டத்திலும், அண்டை மாவட்டங்களான விழுப்புரம், அரியலூரிலும் நோயாளிகளின் எண்ணிக்கை சில நாள்களில் பன்மடங்கு உயர்ந்தது.

'கோயம்பேட்டிலிருந்து வந்தவன்' என்ற சொல் அன்று ஒரு வசவாயிற்று. சொந்த ஊருக்குத் திரும்பியவனைச் சொந்த ஊரே ஐயத்தோடு பார்த்தது. 1957-இல் சிங்கப்பூர்க் கப்பலில் வந்தவர்களைப் போலவே, இவர்களும் பிழைக்கப்போன வழியிலேயே திரும்பி வந்தவர்கள். ஊரில் பிழைப்பு இருந்திருந்தால் அவர்கள் கோயம்பேட்டுக்கே போயிருக்க மாட்டார்கள்.

அதே வேளையில், ஒரிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து கட்டுமான வேலைக்கு வந்த இளைஞர்கள் தமிழகமெங்கும் வேலையின்றி, ஊர் போக இரயிலுமின்றித் தவித்தார்கள். மொழி தெரியாத ஊர், கையில் காசில்லை, வெளியே நோய். 1957-இல் நம் முன்னோர் நெய்வேலி நிலையத்தில் இறங்கி நின்ற நிலை இதற்கு எவ்வளவு அருகில் இருந்தது! அவர்களுக்கு மொழியாவது தெரியும். இவர்களுக்கு அதுவும் இல்லை.

இன்னொன்றும் அவ்வாண்டில் நடந்தது. 1962 முதல் ஒளி தந்த முதல் அனல் மின் நிலையம் 2020-இல் தன் பணியை முடித்துக்கொண்டது. அதற்கு ஈடாக, 500 மெகாவாட் அலகுகள் இரண்டோடு எழுந்த புதிய அனல் மின் நிலையம் 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஒரு கொள்ளைநோய்க் காலத்தில் பிறந்த ஊர், இன்னொரு கொள்ளைநோய்க் காலத்தில் தன் முதல் தலைமுறை இயந்திரங்களுக்கு விடை கொடுத்தது. 2020 ஜூலை முதல் நாள், இரண்டாம் அனல் மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்துத் தொழிலாளர்கள் பலர் மாண்டதையும் நாம் மறக்கவில்லை. கொரோனா அச்சத்தால் நெருங்கி நின்று அழவும் முடியாத நாள்கள் அவை.

வந்தவர்களின் பங்கு

நம் பங்கு எப்படி உருவாயிற்று என்பதற்கு இந்த வரலாறு ஒரு விளக்கம் தருகிறது. பழைய பங்குகள் ஒரு சாதியாலோ, ஒரு தொழிலாலோ, ஒரு குலப் பெருமையாலோ கட்டப்பட்டவை. அங்கே திருவிழாவில் தேர் இழுக்கும் உரிமையும் மண்டகப்படியும் பரம்பரையாக வருபவை. இங்கே அப்படி எதுவும் இல்லை. நாகர்கோயில்காரரும் முகையூர்க்காரரும், மலையாளம் பேசுபவரும் தெலுங்கு பேசுபவரும் அடுத்தடுத்த வீட்டில் குடியேறினார்கள். எவருக்கும் உறவு இல்லை. ஆகவே எல்லாரும் உறவானார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓடி வருவதற்கு மாமியார் இல்லை, நாத்தனார் இல்லை. பக்கத்து வீட்டு அக்காதான் வந்தார். திருமுழுக்குக்கு ஞானப்பெற்றோராகச் சொந்த பந்தம் கிடைக்காதபோது, ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவரே ஞானத்தந்தை ஆனார். அந்த ஞான உறவு இரத்த உறவைப்போல் மூன்று தலைமுறை நீடிப்பதை நாம் காண்கிறோம்.

இறுதித் தீர்ப்பைப் பற்றி ஆண்டவர் பேசியபோது, அந்நியனை ஏற்றுக்கொண்டதையும் நோயாளியைப் பார்க்கச் சென்றதையும் ஒரே வரிசையில் வைத்தார். நாம் அவற்றை இரண்டு தனித்தனி நற்செயல்களாகப் படித்துப் பழகிவிட்டோம். கொள்ளைநோய்க் காலத்தில் அவ்விரண்டும் ஒரே ஆளாக நம் வாசலில் வந்து நிற்கின்றன. வந்தவனும் அவனே, நோயாளியும் அவனே. கதவைத் திறப்பதா, மூடுவதா என்ற கேள்வி அப்போதுதான் கடுமையாகிறது.

இதற்கு வழி, பயமே வேண்டாம் என்று வீரம் பேசுவதன்று. முகக்கவசத்தையும் தடுப்பூசியையும் தள்ளிவைப்பதுமன்று. மருத்துவர் சொல்வதைக் கேட்போம்; இடைவெளி விடச் சொன்னால் விடுவோம். ஆனால் அந்த இடைவெளியைத் தாண்டி ஒரு சோற்றுப் பொட்டலமாவது, ஒரு தொலைபேசி அழைப்பாவது போய்ச் சேர வேண்டும். 2020-இலும் 2021-இலும் நம் பங்கின் இளைஞர்களும் அன்பியங்களும் இதைச் செய்தார்கள். பெயர் சொல்ல வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே பெயர் இல்லை.

ஒரு வேண்டுகோள்

1957-ஆம் ஆண்டின் காய்ச்சலைப் பற்றிக் குன்னூரிலும் உலக சுகாதார நிறுவனத்திலும் ஏடுகள் உள்ளன. நம் வீடுகளில் இல்லை. 44 இலட்சம் பேரின் கணக்கு இருக்கிறது. கொட்டகையில் படுத்துக் கிடந்த ஒருவரின் கதை இல்லை. அக்காலத்தில் இங்கே வந்த தலைமுறையில் எஞ்சியிருப்பவர்கள் மிகச் சிலரே. அவர்களும் விடைபெற்றுச் சென்றபின் கேட்க எவரும் இருக்க மாட்டார்கள்.

ஆகவே இந்த யூபிலி ஆண்டு முடிவதற்குள் ஒவ்வொரு குடும்பமும் ஒரு தாள் எழுதிப் பங்கு அலுவலகத்தில் கொடுக்க வேண்டுகிறேன். எந்த ஊரிலிருந்து வந்தோம், எந்த ஆண்டில் வந்தோம், முதன்முதல் எங்கே தங்கினோம், உடம்புக்கு முடியாமல் போனபோது யார் பார்த்துக்கொண்டார்கள்: இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை இருந்தால் போதும். நிலத்தை விட்டுப் போன குடும்பத்தினர் நம்மிடையே இருந்தால், விட்டுப்போன ஊரின் பெயரையும் எழுதித் தரட்டும். 2020-க்குப் பின் வந்தவர்களும் எழுத வேண்டும். தமிழில் எழுத வராதவர்கள் தங்கள் மொழியிலேயே எழுதட்டும். படித்துச் சொல்ல நம்மிடையே ஆள் உண்டு.

நான்காவது கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதற்கு வரும் விடைகளில் இருக்கும் பெயர்கள்தாம் இந்தப் பங்கின் உண்மையான அடிக்கற்கள்.